மலையில் ஓடாத சாவி ரயில்

பெரியவனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். "அப்பா, நீங்க பொம்மைக் கடையிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராச்சே, அந்தக் காலத்து சாவி ரயிலைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க, எங்க குரூப்புல போடறேன், எல்லாரும் ஆசையா கேக்கறாங்க" என்று. நாலு வரியில் அடங்காது. நீ எதிர்பார்க்கிற மாதிரியும் இருக்காது. தங்கச்சி ஸ்டெல்லாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவளாவது முழுசாகப் படிப்பாள்.

உன் வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புத் தகர ரயிலை வைத்திருக்கிறாயே, அதை என்ன விலைக்கு வாங்கினாய் என்று நீ சொன்னதும் உங்கள் அம்மா குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். விலை உன் பாடு. அதன் கீழே ஒரு அட்டையில் "அந்தக் காலத்துத் தரம்" என்று எழுதி வைத்திருக்கிறாய் பார், என் வயிற்றெரிச்சல் அதுதான். உன் குரூப்பில் இருப்பவர்கள் எழுதியதையும் படித்துக் காட்டினாய். ஒருத்தர் அது இரும்பு மாதிரி உழைத்தது என்கிறார். ஒருத்தர் அதற்கு ஓர் உயிர் இருந்தது என்கிறார். இன்னொருத்தருக்கு அந்தச் சத்தத்தை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறதாம். எனக்கும் அந்த ரயிலால் தண்ணீர் வந்திருக்கிறது. விரலில் தகரம் கிழித்து டிங்சர் போடும்போது.

நான் களமருதூரில் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் தரை துடைத்தது, பார்சல் பிரித்தது, டீ வாங்கி வந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. மூன்றாவது வருஷம் பொம்மைப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். பொம்மை என்றால் அன்றைக்கு ராஜா ரயில்தான். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது. ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சின்னசேலம் போக வேண்டும். அதனாலோ என்னவோ, ரயில் பொம்மைக்கு எங்கள் ஊரில் பைத்தியம் ஜாஸ்தி.

தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை, லாரி சர்வீஸில் மரப்பெட்டி வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு ரயிலாக நான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு டஜனில் நாலு எடுத்ததும் ஓடும். நாலு திட்டினால் ஓடும். மீதி நாலும் எதற்கும் மசியாது. எஞ்சினின் தகர உடம்பைச் சின்னச் சின்ன நாக்குகளை மடித்துச் சேர்த்திருப்பார்கள். அந்த நாக்கு ஒவ்வொன்றும் பிளேடு. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றில் கூட இருக்கும், ஒன்றில் குறைச்சலாக இருக்கும். என் சுண்டு விரல் நுனிதான் எனக்கு அளவு. அது தொளதொளவென்று நுழைந்தால் கம்மி பண்ணுவேன், நுழையாவிட்டால் குறடால் விரிப்பேன். தண்டவாளம் எட்டு வளைந்த துண்டு. ஒன்றின் முனைக் கம்பி அடுத்ததில் நுழைய வேண்டும். ஏழு நுழையும், எட்டாவது நுழையாது. பெட்டிகளின் கொக்கி ஒவ்வொரு வளைவிலும் கழன்று விழும். சன்னல்களில் தொப்பி வைத்த துரைமார் முகம் அச்சடித்திருக்கும். ரயில் கவிழ்ந்து கிடக்கும்போதும் அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பண்ணைக்காரர், மகன் விரலில் கட்டோடு அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது பொம்மையா, கருக்கருவாளா?" என்று கேட்டார். உன் குரூப்பில் இருப்பவர்களைக் கேட்டுச் சொல்.

இப்போது எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கெட்டுப்போன சாமானை அவர் கையால் தொடமாட்டார். அந்தப் பென்சிலை எடுத்து அதன் முனையால் மெதுவாக, வந்தவர் பக்கமே தள்ளிவிடுவார். தள்ளும்போது வாய் இனிக்கப் பேசும். ஆம்பளை என்றால் "மாமா", பொம்பளை என்றால் "அக்கா". மலையிலிருந்து வந்தவர்களை மட்டும் "இன்னாய்யா மலை" என்பார்.

கடையில் ஒரு முறை வைத்திருந்தார். ரயில் வாங்குகிறவர் கண் முன்னால், அவர் வாங்கும் அதே ரயிலை, கண்ணாடி ஷோகேஸின் மேல் தண்டவாளம் போட்டு மூன்று சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஷோகேஸுக்குள் சாமான் பளபளக்க இரண்டு குண்டு பல்பு நாள் முழுக்க எரியும். மேலே ரயில் வெளிச்சத்தில் மிதப்பது போல ஓடும். சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கும். மூன்று சுற்று முடிந்ததும் பில்லில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு: "ஓட்டிக் காட்டப்பட்டது." அந்த ஸ்டாம்பு விழுந்தால் கடையின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. வாசற்படி தாண்டி நின்றுபோனாலும் அது வாங்கினவர் தலையெழுத்து. ஸ்டாம்பு என் டிராயரில் இருந்தது. அது எனக்கு ரொம்பப் பெருமை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. புது ரயிலின் பல் சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலாளி முகம் சுளித்தார். "அது நாறும் தாஸு. புள்ளைங்க கையில படும். தேங்கா எண்ணெய் வெய்யி. நம்ம கடை ரயிலு மணக்கணும்" என்றார். மணந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் கோழி இறகால் தேங்காய் எண்ணெய் தடவினேன். வாங்கினவர்கள் மோந்து பார்த்து, "ஆகா" என்றார்கள். நாங்கள் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கார்த்திகை மாதம். மலைமேல் வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து வெள்ளையன் என்று ஒருத்தர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாரா வாரம் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டு எங்கள் கடை வாசலில் நிற்பார். இரண்டு வாரம் வெளியிலேயே நின்று பார்த்தார். மூன்றாவது வாரம் உள்ளே வந்தார்.

"அண்ணே, இது தானா ஓடுமா?"

"சாவி கொடுத்தா ஓடும்."

"யாரும் தள்ள வாணாமா?"

ஓட்டிக் காட்டினேன். மூன்று சுற்று. "இன்னொரு வாட்டி" என்றார். ஓட்டினேன். "இன்னொரு வாட்டி" என்று அவர் சொல்லும்போது முதலாளியின் பென்சில் கண்ணாடியில் டக் டக் என்று தட்டியது. ஸ்டாம்பு குத்திக் கொடுத்தேன். பெட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். "ஓடலைங்க அண்ணே."

வாங்கி ஷோகேஸ் மேல் வைத்தேன். தண்டவாளத் துண்டுகளைத் தேடி எடுத்து மாட்டினேன். அதற்கு ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சாவி கொடுத்து விட்டேன். குதிரை மாதிரி ஓடியது. அவர் குனிந்து அடியில் பார்த்தார், நான் எதையாவது மாற்றிவிட்டேனோ என்று. முதலாளி, "இன்னாய்யா மலை, இது ஓடாம உருளுதா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளையன் ரயிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் இரக்கமே வரவில்லை. என் மூன்று சுற்றைப் பொய் என்கிறாரே என்றுதான் இருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷங்கள் அவை. எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் நிற்கும் என்று தெரியாது. ரயிலையும் மறித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று எழுத நான் அவ்வளவு படித்தவன் இல்லை. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர், படித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த பையன்கள். அது எனக்குத் தெரியும்.

அப்படி பஸ் நின்ற ஒரு நாள் மத்தியானம், பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்தோம். ஊருக்குப் போக முடியாதவர்கள் பத்துப் பேர் கடைக்குள் நின்றிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்து வழியில் மாட்டிக்கொண்ட ஒரு டிராக்டர் டிரைவரும் இருந்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெள்ளையன் வந்தார். மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கால் முழுக்கப் புழுதி.

"ஓடவே இல்லைங்க. நேத்தும் ஓடலை, இன்னிக்குக் காலையிலயும் ஓடலை."

வைத்தேன். மாட்டினேன். ஓடியது.

டிராக்டர் டிரைவர்தான் ஆரம்பித்தார். "மலை ஏறறப்ப மூச்சு வாங்கியிருக்கும்பா!"

"சின்னசேலம் ரயிலே நின்னு போயிட்டிருக்குது, ஒன் ரயிலாவது ஓடுதேன்னு சந்தோசப்படுய்யா" என்றார் ஒருத்தர்.

"டிக்கெட்டு எடுத்தியா நீ? எடுக்காத ஆளைக் கண்டா அது நிக்கும்" என்றார் இன்னொருத்தர்.

முதலாளி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ரயில் சுற்றி வரும் வரை காத்திருந்து, அதைத் தண்டவாளத்திலிருந்து பென்சிலாலேயே தள்ளி வெள்ளையன் பக்கம் கவிழ்த்தார். "ஓடறதை ஓடலைன்னு சொல்லிக்கினு எத்தினி வாட்டிய்யா வருவே? கீழ வர்றதுக்கு ஒனக்கு ஒரு சாக்கு வேணும், அதானே?"

வெள்ளையன் ரயிலை எடுக்கவில்லை. "மொதலாளி, மேல எங்க ஊருல இது ஓடாததால என்னைப் பொய்யன்னு சொல்றாங்க. இங்க இது ஓடறதால நீங்க என்னைப் பொய்யன்னு சொல்றீங்க. நான் எங்க போயி நிக்கறது?"

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது?

ஷட்டரை முழுசாக இறக்கி, நாளைக்கும் லீவு என்று முதலாளி சொல்லிவிட்டார். வெளியே வந்தால் வெள்ளையன் ரயில் பெட்டியோடு படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மூன்றும் பெண். மூத்தவள் சடைச்சி அஞ்சாவது படிக்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. அவளைக் கள்ளக்குறிச்சியில் ஆஸ்டலில் சேர்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. அண்ணன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணைக் கீழே அனுப்பினால் திரும்பி வருவாளா என்கிறார். இவர் ஆஸ்டலைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார், சின்னசேலத்தில் ரயிலைப் பார்த்துவிட்டும் வந்து சொல்லியிருக்கிறார். ஊரில் யாரும் எதையும் நம்பவில்லை. சரி, ஒன்றையாவது கண்ணால் காட்டிவிடலாம் என்று இந்தச் சாவி ரயிலை வாங்கி, ஊரைக் கூப்பிட்டு, நடுவில் வைத்துச் சாவி கொடுத்திருக்கிறார். அது நின்ற இடத்திலேயே நின்றது.

"எங்கண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? 'இது மாதிரிதானே ஒன் ஆஸ்டலும்'னாரு. இப்ப என் பொஞ்சாதியும் அதையே சொல்றா. நீ வந்து பாரு அண்ணே. அங்க இது ஓடுச்சின்னா நான் இனிமே ஒங்க கடைப் பக்கமே வரலை."

போனேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஓட்டிக் காட்டிய ரயில் ஓடும் என்று அந்த ஆளுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்புதான். சைக்கிளில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஆறேழு பையன்கள்.

"எங்க போறீங்க?"

"மலைக்கு. ஒரு ரிப்பேரு."

"பெட்டியில இன்னா?" ஒருத்தன் வாங்கிப் பார்த்தான். பெட்டி மேல் ரயில் படம். "டேய், இங்க பாருங்கடா! நம்ம ஆளுங்க ரயிலையே மறிச்சிட்டாங்க, இவரு கைக்குள்ள ஒரு ரயிலு எடுத்துக்கினு போறாரு!"

"எறக்குடா அதை. இதுவும் மறியல்தான்."

"ஓடுமா இது?"

"அதான் தகராறே" என்றார் வெள்ளையன். எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட பையன். "மலைக்காரங்களுக்கு இன்னாங்க கவலை? ஒங்களுக்குத்தான் தனியா ஒதுக்கீடு எழுதி வெச்சிருக்காங்களே" என்றான்.

"எழுதி வெச்சிருக்காங்க தம்பி" என்றார் வெள்ளையன். "போயி வாங்கத்தான் ஆளு இல்லே. பத்தாவது முடிச்சவங்க எங்க ஊருல ஒருத்தர்கூட இல்லே."

அந்தப் பையன் மரத்திலிருந்து இறங்கி, சைக்கிளின் பின் சக்கரத்தைப் பிடித்து எங்களோடு சேர்ந்து இந்தப் பக்கம் தூக்கி வைத்தான்.

அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து ஏறினோம். போய்ச் சேர இருட்டிவிட்டது. சாமைச் சோறு போட்டார்கள். படுத்ததுதான் தெரியும்.

விடிந்தபோது பல் கிட்டித்துப்போய் எழுந்தேன். அப்படி ஒரு குளிர். ஊரில் இருந்தவர்கள் ஏற்கெனவே போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் வந்திருக்கிறார், ரயில் ஓட்டப் போகிறார் என்று செய்தி போயிருக்கிறது. வெள்ளையனின் அண்ணன் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு முன்னால் நின்றார். நான் தரையை நிரவி எட்டுத் துண்டையும் மாட்டினேன். சாவியை முழுசாகத் திருகினேன். விட்டேன்.

நகரவில்லை.

ஒரு விரலால் தள்ளினேன். தள்ளின அளவுக்கு உருண்டு நின்றது.

"கடைக்காரரே வந்தும் ஓடலியா?" என்றார் அண்ணன். "ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டி இழுக்கச் சொல்லு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. திரும்பி வெள்ளையனைப் பார்த்தேன். அந்த ஆள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ரயில் ஓடாததில் அவருக்குச் சந்தோஷம், புரிகிறதா? கீழேயிருந்து வந்த ஒருத்தன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அது போதும் அவருக்கு.

தகர நாக்குகளை நிமிர்த்தி எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினேன். பல் சக்கரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மெழுகுவர்த்தி உருகி விழுந்த மாதிரி. இது என்ன என்று நான் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"இது எங்க தலைக்கு வெக்கிற எண்ணெய் மாதிரி ஒறைஞ்சி கெடக்குது."

சடைச்சி. கையில் ஒரு பாட்டில். அதற்குள் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. தலை சீவுவதற்காக அதை அடுப்பு ஓரத்தில் காட்டி உருக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். மார்கழியில் தினமும் செய்கிற வேலை.

என் மூக்கருகில் குச்சியைக் கொண்டுபோனேன். எங்கள் கடை ரயில் மணந்தது.

அங்கேயே, அந்தக் குளிரில், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கிப்போனது. கடையில் கீழே இரண்டு குண்டு பல்பு. கண்ணாடி எப்போதும் தோசைக்கல் ஆறின மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் பத்து நிமிஷம் வைத்தால் உறைந்தது உருகிவிடும். உருகினால் ஓடும். அந்த மனுஷன் இரண்டு தடவையும் உண்மையைத்தான் கொண்டுவந்தார். நான் அதைப் பல்பு வெளிச்சத்தில் வைத்து உருக்கி, பொய்யாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

விளக்கிலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி, கோழி இறகால் பல் பல்லாகக் கழுவினேன். துணியால் ஒற்றினேன். மூடியை மாட்டும்போது வழக்கம்போல விரல் கிழிந்தது. சாவி கொடுத்து விட்டேன். ஓடியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். ஆறு சுற்றையும் அண்ணன் எண்ணினார். அப்புறம், "சரி, ஓடுது. அதுக்கு இன்னா இப்ப?" என்றார்.

நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "தப்பு எங்க கடையோடது. தேங்கா எண்ணெய் போட்டது நான்தான். இவரு சொன்னதுல பொய்யே இல்லை."

வெள்ளையன் அடிவாரம் வரை என்னோடு இறங்கி வந்தார். சைக்கிளை எடுக்கும்போது சொன்னார். "இங்க சொல்லிட்டே அண்ணே. கீழயும் சொல்லணும். அங்கதான் பத்துப் பேரு சிரிச்சாங்க."

"சொல்றேன்" என்றேன்.

கடை திறந்த அன்றைக்கு முதலாளியைப் பின்னால் சரக்கு அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ரகசியம் போலச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எண்ணெய் வெச்ச கை ஒன் கைதானே தாஸு?"

"நீங்கதானே தேங்கா எண்ணெய்..."

"மணக்கணும்னு சொன்னேன். மலையில போயி ஒறையட்டும்னா சொன்னேன்?" பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "போனாப் போவுது. மலைக்காரங்களுக்கு இனிமே சித்திரையில வித்துடு."

அவ்வளவுதான். மெஷின் எண்ணெய் வரவில்லை. நான் மறுபடி கோழி இறகை எடுத்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். வேலை முக்கியம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் வெள்ளையன் வந்தார். கையில் ரயில் இல்லை. ஷோகேஸுக்கு முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சொல்லிட்டியா அண்ணே?" என்றார்.

சொல்லிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை, சரக்கு அறையில் சொன்னேனே. வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதலாளி அவரைப் பார்த்து, "இன்னாய்யா மலை, மறுபடியும் ஓடலியா?" என்று சிரித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் சிரிக்கத் தயாராகத் திரும்பியது.

நான் ஓடிக்கொண்டிருந்த ரயிலைக் கையால் நிறுத்தினேன். "இவரு ரெண்டு வாட்டி ரயிலைத் திருப்பிக் கொண்டாந்தாரு. ரெண்டு வாட்டியும் இவரு சொன்னது நிஜம். நாங்க இதுக்குத் தேங்கா எண்ணெய் வெக்கறோம். குளிர்ல ஒறைஞ்சிடும். இந்தக் கண்ணாடி சூட்டுல உருகிடும். இதுக்குத்தான் நாங்க சிரிச்சோம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா கையில் எடுத்திருந்த ரயிலை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வெள்ளையன் தலையை ஒரு தடவை ஆட்டினார். திரும்பிப் போய்விட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

முதலாளி அப்போதும் சத்தம் போடவில்லை. கூட்டம் குறைந்த பிறகு வந்து என் டிராயரைத் திறந்து ஸ்டாம்பை எடுத்துக்கொண்டார். "தாஸு, நாளையிலேர்ந்து நீ பக்கெட்டுப் பக்கம் போ" என்றார்.

போனேன். வாளி, குடம், மக்கு, முறம் எல்லாம் அந்தப் பக்கம். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான் இருந்தேன். உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அந்தப் பக்கெட்டுகள்தான். அதற்கு யாரும் குரூப் வைத்து அழக் காணோம்.

அடுத்த ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஆஸ்டல் பிள்ளைகளுக்கு வாளி வாங்க அப்பன்மார் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளையன் வந்தார். கூடச் சடைச்சி, எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த தலையோடு, கையில் ஒரு தகரப் பெட்டி.

"சேத்தாச்சா?" என்று கேட்டேன்.

"பேரு எழுதியாச்சி. எங்கண்ணன்தான் பெட்டி வாங்கிக் கொடுத்தாரு. வாளி ஒண்ணு குடு."

"ரயிலு எப்படி இருக்குது?"

"அது பொங்கலைக்கூடப் பாக்கலை. ஸ்பிரிங்கு பட்டுனு அறுந்து பூடுச்சி" என்றார், அதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லாத மாதிரி.

நீல நிறத்தில் ஒன்று எடுத்து வைத்தேன். அவர் வாங்கித் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "தண்ணி ஊத்திக் காட்டு."

"பக்கெட்டுக்கெல்லாம் அந்த முறை கிடையாதே."

"நீ ஊத்து அண்ணே."

பின்பக்கக் குழாயில் நிறையப் பிடித்து வந்து அவர்கள் முன்னால் வைத்தேன். மூன்று பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்லாவிலிருந்து முதலாளியும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து சடைச்சி குந்தி உட்கார்ந்து, வாளியை லேசாகச் சாய்த்து, அடியில் கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள்.

"அடி காஞ்சிதான் இருக்குது. வாப்பா, போலாம்" என்றாள்.

தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வாளியைக் கையில் மாட்டிக்கொண்டாள். ஆஸ்டல் இருக்கும் தெருப்பக்கம் அவள் முன்னால் நடந்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.